சாரலா, உப்புக் காற்றா?

பேங்க் உத்தியோகஸ்தனுக்கு டிரான்ஸ்ஃபர் என்பது ஜலதோஷம் மாதிரி. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தே தீரும், மருந்து கிடையாது. கல்யாணத்துக்கு முந்தி அதைப் பற்றி எவனும் கவலைப்படுவதில்லை. ஒரு சூட்கேஸ், ஒரு பக்கெட், மெஸ் பாக்கி. செட்டில் பண்ணினால் ஊர் மாறியாச்சு! ஆனால் நாலு வயசில் ஒரு பெண் குழந்தை இருந்து, அதற்கு அவ்வப்போது வீஸிங்கும் வரும் என்றால் அதே ஜலதோஷம் டைபாய்டு ஆகிவிடுகிறது.

எனக்கு வந்த டைபாய்டில் ஒரு விசேஷம். "தென்காசி, தூத்துக்குடி ரெண்டுலயும் வேகன்ஸி இருக்கு சார். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணைச் சொல்லிடுங்க" என்றார்கள். அதிர்ஷ்டக்காரன் என்று செக்‌ஷனே கை குலுக்கியது. என்ன அதிர்ஷ்டம்? ஒரே ஊரைக் கொடுத்திருந்தால் மேலிடத்தைத் திட்டிக்கொண்டே மூட்டை கட்டியிருக்கலாம். ரெண்டைக் கொடுத்தால் நாளைக்கு யாரைத் திட்டுவது?

ஆபீஸில் ஓட்டெடுப்பு நடத்தினேன். தென்காசிக்கு அமோக வெற்றி. குற்றாலம், பார்டர் பரோட்டா, சாரல் என்று ஆளாளுக்கு நாக்கைச் சப்புக்கொட்டினார்களே தவிர, ஒருத்தர்கூட ஸ்கூலைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோ வாயைத் திறக்கவில்லை. "சீசனுக்கு ஃபேமிலியோட வந்துடறோம் சார், லாட்ஜ் செலவு மிச்சம்" என்றார் பக்கத்து சீட்காரர். அருவிக்கு அஞ்சாறு கிலோமீட்டரில் வீடு பிடித்தால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அது வீடில்லை, சத்திரம்!

ரெண்டுமே பழைய திருநெல்வேலி ஜில்லா ஊர்கள்தான். தூத்துக்குடி 1986-ல் தனிக்குடித்தனம் போனது, தென்காசி 2019-ல். நடுவில் திருநெல்வேலி, ரெண்டு பக்கமும் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அந்த நூறு கிலோமீட்டருக்குள் வானமே மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து தென்காசியில் சாரலைத் தூவும். தூத்துக்குடிக்குப் போய்ச் சேரும்போது அதன் கையில் ஈரம் மிச்சமிருக்காது, வெறும் காற்றுதான். அந்த ஊருக்கு மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மற்ற மாசமெல்லாம் வெயிலும் வறண்ட காற்றும். அதனால்தான் அங்கே உப்பு விளைகிறது. சாரல் அடிக்கிற ஊரில் பாத்தி கட்டினால் கடைசி வரை தண்ணீராகவே இருக்கும்.

எனக்கும் சாரல் என்றால் ஆசைதான். ஆனால் என் மனைவியிடம் ஒரு நோட்டுப் புஸ்தகம் இருக்கிறது. "எல்லாக் குழந்தைக்கும் ஒரே காரணமிருக்காதும்மா. சிலதுக்கு ஈரம், குளிர் ஆகாது. சிலதுக்குத் தூசி, புகை. எப்ப வருதுன்னு எழுதிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பால் கணக்கு மாதிரி தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். ஒன்றரை வருஷத்தில் பதினோரு தடவை. அதில் எட்டு மழை நாளில், சுவர் ஓதம் காத்து நின்ற சமயத்தில். நோட்டை என் முன்னால் விரித்து வைத்தாள், பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அதற்காகத் தூத்துக்குடி நந்தவனமில்லை. துறைமுகத்து லாரிகள், அனல் மின் நிலையம், வெயில்! தூசிக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு.

சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று மே மாசம் கிளம்பினோம். ஊர் பார்க்கிறவர்கள் அது சிரித்துக்கொண்டிருக்கும்போது போகக் கூடாது, மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும்போது போக வேண்டும் என்பது என் கட்சி. குற்றாலத்தில் அருவி இல்லை, பாறை இருந்தது. இருந்தும் தென்காசி மயக்கத்தான் செய்தது. காசிவிசுவநாதர் கோயில் கோபுர வாசலில் அடிக்கிற காற்று இருக்கிறதே, என் பெண் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உள்ளேயும் வெளியேயும் ஓடினாள். அந்த நிமிஷம் வெள்ளிக்கிழமை வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு மனைவி ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று, "நடுராத்திரி குழந்தைக்கு மூச்சு வாங்கினா எங்கண்ணே போவீங்க?" என்று கேட்டாள். "இங்கயே பெரியாஸ்பத்திரி இருக்கும்மா, நல்லாப் பாப்பாங்க. ரொம்ப முடியலைன்னா ஹைகிரவுண்டுக்கு அனுப்புவாங்க" என்றார். ஹைகிரவுண்டு என்பது பாளையங்கோட்டை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் தூத்துக்குடியிலும் அதே ஒன்பதரை, அதே கேள்வி. "மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஊருக்குள்ளதானக்கா, ஆட்டோ பிடிச்சாப் போச்சு" என்றான் கடைப் பையன். மனைவி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஸ்கூல், வாடகை, மெட்ராஸுக்கு ரயில் எல்லாம் டிரா. அங்கே பொதிகை, இங்கே முத்துநகர், ரெண்டும் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். பெண்ணுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தோம். அவள் ஓட்டு அதோடு முடிந்தது.

பாக்கி, அம்மா. ஸ்ரீவைகுண்டத்தில் தனியாக இருக்கிறாள். தூத்துக்குடியிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர், தென்காசியிலிருந்து அதைப் போல இரண்டு மடங்கு, திருநெல்வேலியில் பஸ் மாற வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழை ஞாபகமிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலே நூற்றுக்கணக்கான ஜனங்களோடு நின்றுவிட்டதே, அந்த ரெண்டு நாளும் அம்மாவின் போன் அடிக்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் இருந்தாள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மெட்ராஸில் உட்கார்ந்து டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நியாயமாக யோசித்தால், அன்றைக்குத் தூத்துக்குடியில் இருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அந்த ஊரே தண்ணீருக்குள் நின்றது. ஆகவே வெள்ளத்துக்காகப் பக்கத்தில் போகிறேன் என்று சொல்லிக்கொண்டால் அது பொய். வெள்ளம் வராத மற்ற நாட்களுக்காக என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாயந்திரம் திரும்பலாம். பெண்ணுக்கு உடம்பு முடியாவிட்டால் அம்மா முதல் பஸ்ஸில் வந்து நிற்பாள்.

அம்மாவிடம் கேட்டதற்கு, "எய்யா, எனக்காவ ஒண்ணும் நீ வர வேண்டாம். பிள்ளைக்கு எது ஒத்துக்கிடுமோ அங்க போ" என்றாள். இந்தப் பேச்சை நம்பி நடந்த மகன்கள் பிற்பாடு என்ன கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ராத்திரி மனைவி, "என்னங்க முடிவு?" என்றாள். "நோட்டு என்ன சொல்லுது?" என்றேன். "நோட்டு ஒண்ணும் சொல்லாது, நீங்க சொல்லுங்க." தூத்துக்குடி என்றேன். லைட்டை அணைத்தாள். மறுநாள் ஆபீஸில் விஷயம் பரவியதும் பக்கத்து சீட்காரர் ரெண்டு மணி நேரம் என்னுடன் பேசவில்லை.

இப்போது வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். லாரி போகாத தெரு, ஓதம் ஏறாத சுவர் என்று புரோக்கரிடம் மனைவி ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறாள். நேற்று அம்மா போன் பண்ணி அதில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள்.

"மாடி வீடாப் பாருய்யா."