கணினிக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர்

எமது நாட்டில் பஸ் வண்டியைச் செலுத்துபவரைச் சாரதி என்போம். அச்சுப்பொறி, வருடி, ஒலி அட்டை முதலான வன்பொருள்களை இயங்கச் செய்யும் சிறு மென்பொருளுக்கும் கணினித் துறையினர் 'ட்ரைவர்' என்றே பெயரிட்டுள்ளனர். தமிழில் 'இயக்கி' என்று எழுதுகின்றனர். என்னைக் கேட்டால், சாரதி, இயக்கி ஆகிய இரண்டையும் விட மொழிபெயர்ப்பாளர் என்பதே அதற்குப் பொருத்தமான பெயர்.

கொழும்பில் ஊடகவியலாளர் மாநாடுகளுக்குச் சென்று பழகியோருக்கு இது எளிதில் விளங்கும். அமைச்சர் சிங்களத்தில் பேசுவார். அருகில் இருப்பவர் தமிழில் கூறுவார். 'பரிசீலிக்கப்படும்' என்பது அவர் வாயில் 'வழங்கப்படும்' என்றாகிவிட்டால், மறுநாள் பத்திரிகையின் தலைப்பே பிழைத்துவிடும். கணினியிலும் இதுவே நிகழ்கிறது. 'இப்பக்கத்தை அச்சிடு' என்று இயங்குதளம் பொதுமொழியில் கட்டளையிடுகிறது. அச்சுப்பொறிக்கோ அதன் உற்பத்தியாளர் கற்பித்த மொழி மட்டுமே தெரியும். இரண்டுக்கும் நடுவே நிற்பது இயக்கி.

ஒரு வேறுபாடு உண்டு. இந்த மொழிபெயர்ப்பாளர்களுள் பலர் இயங்குதளத்தின் உள்ளறையிலேயே அமர்ந்திருக்கின்றனர். நாம் தட்டச்சு செய்யும் மென்பொருள் பழுதானால் அது மட்டும் மூடிக்கொள்ளும். உள்ளறையில் இருக்கும் இயக்கி தவறினால் கணினி முழுவதுமே நின்று நீலத்திரையைக் காட்டும். விண்டோஸ் விஸ்டா வெளிவந்த 2007ஆம் ஆண்டில் பதிவான முடக்கங்களில் ஏறத்தாழ 29 சதவீதத்துக்கு என்விடியா நிறுவனத்தின் இயக்கிகளே காரணம் என்ற விபரம், அமெரிக்க வழக்கொன்றில் சமர்ப்பிக்கப்பட்ட மைக்ரோசொப்ட் ஆவணங்கள் வாயிலாக 2008இல் வெளிவந்தது. பழியை அதுவரை சுமந்தது பெரும்பாலும் விஸ்டாதான்.

இயக்கிகளை உடனுக்குடன் இற்றைப்படுத்த வேண்டும் என்பர் ஒரு சாரார். வேலை செய்வதைத் தொடாதே என்பர் மறு சாரார். இரு சாராரிடமும் சான்று உண்டு.

முதற் சாராருக்கு 2021ஆம் ஆண்டின் 'பிரிண்ட் நைட்மேர்' விவகாரம் போதும். விண்டோஸின் அச்சிடும் சேவையில் ஒரு குறைபாடு இருந்தது. அதிகாரமற்ற சாதாரணப் பயனர் ஒருவர் அச்சுப்பொறி இயக்கி என்ற பெயரில் தீய மென்பொருளை நிறுவி, கணினி முழுவதையும் கைப்பற்ற அது வழிவிட்டது. அவ்வாண்டு ஜூலையில் மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. வழமையான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்திருந்த விண்டோஸ் 7க்கும் அத்திருத்தம் வழங்கப்பட்டது என்பதிலிருந்து ஆபத்தின் அளவை ஊகிக்கலாம்.

மறு சாராருக்கும் உதாரணங்கள் உள்ளன. 2014 ஒக்டோபரில், யூ.எஸ்.பி. இணைப்புச் சில்லுகளைத் தயாரிக்கும் எப்.ரி.டி.ஐ. என்ற ஸ்கொட்லாந்து நிறுவனத்தின் புதிய இயக்கி விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஊடாக வந்து சேர்ந்தது. போலிச் சில்லுகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணை அது பூச்சியமாக்கியது. தம்மிடமுள்ள சாதனத்துக்குள் போலிச் சில்லு இருப்பதை அறியாத அப்பாவிகளின் கருவிகளே செயலிழந்தன. எதிர்ப்பு எழுந்த பின்னர் அந்த இயக்கி மீளப்பெறப்பட்டது. 2024 ஜூலை 19ஆம் திகதி நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இயக்கி, தனக்கு வந்து சேர்ந்த பழுதான தரவுக் கோப்பு ஒன்றை வாசிக்கப் போய், மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள் முடங்கின. விமானங்கள் இரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின.

ஆகவே நான் கடைப்பிடிப்பது நடுவழி. பாதுகாப்புத் திருத்தங்களை விண்டோஸ் தருகின்றபோதே ஏற்றுக்கொள்வேன். மற்றைய இயக்கிகளை, ஏதேனும் கோளாறு தென்பட்டாலோ புதிய இயங்குதளத்துக்கு மாறினாலோ மட்டும் மாற்றுவேன். நாள் முழுவதும் தமிழ் தட்டச்சு செய்பவனுக்கு, விளையாட்டுப் பிரியர்களுக்காக அடிக்கடி வெளிவரும் வரைகலை அட்டை இயக்கியால் பயன் ஏதுமில்லை. மடிக்கணினியாயின் அதன் உற்பத்தியாளரின் தளத்தையே முதலில் நாடவேண்டும். 'உங்கள் இயக்கிகள் காலாவதியாகிவிட்டன' என்று திடீரெனத் தோன்றி அச்சுறுத்தும் விளம்பரங்களை நம்பலாகாது. ஒழுங்காக வேலை செய்யும் இயக்கியின் நிறுவல் கோப்பை, சாதனத்தின் பெயரும் ஆண்டும் குறித்து ஒரு பென் ட்ரைவில் சேமித்து வைப்பது நன்று. புதியது ஒத்துவராவிட்டால், டிவைஸ் மனேஜரில் பழைய இயக்கிக்குத் திரும்பும் வசதியும் பெரும்பாலும் இருக்கும்.

இவையெல்லாம் இயக்கி கிடைக்கும்வரைதான். உற்பத்தியாளர் அதனைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டால் என் செய்வது?

என்னிடம் 2003இல் வாங்கிய வருடி ஒன்று உண்டு. இடம்பெயர்வுகளுக்கும் கறையானுக்கும் தப்பிய பத்திரிகை நறுக்குகளை அதில் வருடிச் சேமித்து வந்தேன். யாழ்ப்பாணப் பொது நூலகமும் 'ஈழநாடு' அலுவலகமும் 1981இல் எரியூட்டப்பட்ட நாடு இது. இங்கு ஒருவர் கையிலுள்ள நறுக்கு சில வேளை எஞ்சியிருக்கும் ஒரேயொரு பிரதியாக இருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி இருந்தவரை வருடி குறையின்றி இயங்கியது. பின்னர் 64 பிட் கணினிக்கு மாறியபோது அது ஊமையாயிற்று. 32 பிட் உள்ளறை இயக்கியை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. தயாரித்த நிறுவனமோ அந்த மாதிரிக்குப் புதிய இயக்கி எழுதவில்லை. விளக்கு எரிகிறது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ஆயினும் கடைக்காரர் எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார்.

நண்பர் ஒருவர் பழைய கணினியொன்றில் லினக்ஸ் நிறுவித் தந்தார். அதிலுள்ள 'சேன்' என்ற வருடி மென்பொருள் தொகுதி எனது வருடியை உடனே இனங்கண்டது. மூல நிரல் திறந்து கிடப்பதால், நிறுவனம் கைவிட்ட பொருளுக்கும் யாரோ ஒருவர் இயக்கியைப் பேணி வருகிறார். இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்துக்கு வந்த சீரொக்ஸ் லேசர் அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கியது. சிக்கும்போது அறிவித்தல் தருமாறு அதன் மென்பொருளை மாற்ற விரும்பினார் ரிச்சர்ட் ஸ்டோல்மன். மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கு வித்திட்ட அனுபவங்களுள் அதுவும் ஒன்று.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. ஆகவே கணினி மாற்றுவோர் பலர் இருப்பர். பழைய கணினியைக் கைவிடுமுன், வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் புதிய இயங்குதளத்தில் இயக்கி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய அச்சுப்பொறியோ வருடியோ வாங்குவதாயின், விலையுடன் இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்த நிறுவனம் தனது பத்தாண்டுப் பழைய மாதிரிகளுக்கு இன்றும் இயக்கி வழங்குகிறதா? கடைக்காரருக்குத் தெரியாதிருக்கலாம். நிறுவனத்தின் தளத்தில் பழைய மாதிரி ஒன்றின் பெயரை இட்டுத் தேடினால் விடை கிடைத்துவிடும்.