எட்டு மணி நேரத் தீனி

செங்கத்திலிருந்து எந்த வழியில் போனாலும் கடற்கரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். செய்யாறு பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் வருஷத்தில் பல மாதம் அதில் மணல்தான். இந்த ஊரில் ஒரு வீட்டுப் பின்கட்டில் தினமும் இரண்டு வேளை உப்புத் தண்ணீர் கலக்கி, அதில் இறால் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வண்ண மீன் வளர்க்கிற வீடு. பைட்டரும் கப்பியும்தான் அங்கே பிழைப்பு.

"வாங்கண்ணா, பார்த்து வாங்க, தரையெல்லாம் ஈரம்" என்றார் வீட்டு அம்மா. கணவர் சென்னை கொளத்தூரில் ஒரு மீன் பண்ணையில் சில வருஷம் வேலை பார்த்துத் தொழில் கற்றவர். வண்ண மீன் என்றாலே வியாபாரிகள் வாயில் முதலில் வரும் பெயர் கொளத்தூர். கொல்லையிலும் மாடியிலும் தொட்டி கட்டி, குடும்பம் குடும்பமாக மீன் வளர்க்கிற பகுதி. இங்கே கணவர் பகலில் ஆட்டோ ஓட்டுகிறார். குஞ்சுகளுக்குத் தீனி போடுவது முழுக்க அந்த அம்மாவின் கையில். இந்தத் தொழிலில் மீன் விற்பவரைத்தான் நாம் பார்க்கிறோம். குஞ்சைப் பிழைக்க வைப்பவர் பின்கட்டிலேயே இருந்துவிடுகிறார்.

மீன் வளர்ப்பில் பெரிய சிக்கலே குஞ்சின் வாய்தான். பைட்டர் குஞ்சு நுரைக்கூட்டை விட்டு நீந்தத் தொடங்கும்போது கண்ணும் வாலும் மட்டும்தான் தெரியும். முதல் சில நாளைக்குப் பழைய தண்ணீரில் உண்டாகும் நுண்ணுயிர்கள் போதும். அதன் பிறகு நகருகிற இரை வேண்டும். முட்டை மஞ்சள் கரு கரைத்து ஊற்றுபவர்கள் உண்டு. மிச்சம் அழுகித் தொட்டியையே கெடுத்துவிடும். அங்கேதான் ஆர்டீமியா என்ற அந்த உப்புத் தண்ணீர் இறால் வருகிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆல்வின் சீல் என்பவர் இதை மீன் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாம் என்று 1933-இல் எழுதினார். அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய தீனி இது.

அதன் முட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். காப்பித்தூள் நிறத்தில் பொடி. ஒரு முட்டை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். காய்ந்த நிலையில் வருஷக்கணக்கில் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். 1972-இல் அப்போலோ 16 நிலவுக்குப் போனபோது இந்த முட்டைகளையும் ஏற்றிப்போனார்கள். திரும்பி வந்த பிறகும் பொரித்தன. ஆனால் செங்கத்தில், திறந்த பாக்கெட்டில் ஈரம் ஏறினால் தீர்ந்தது கதை. அதனால் முட்டை இருக்கும் டப்பா ஃப்ரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, மரச்சட்டத்தில் மாட்டியிருக்கிறார்கள். மூடியில் துளை போட்டு ஏர் மோட்டார் குழாய். லிட்டருக்கு இருபத்தைந்து, முப்பது கிராம் கல் உப்பு. தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்துக் குளோரின் போகவிட வேண்டும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. காற்று கீழிருந்து மேலே அடித்துக்கொண்டே இருந்தால்தான் முட்டை அடியில் தங்காது. மேலே ஒரு பல்பு. முதல் சில மணி நேரம் வெளிச்சம் படாவிட்டால் பொரிப்பு குறையும். 28 டிகிரி சூட்டில் ஒரு நாளில் வேலை முடியும். மார்கழியில் மலைக்காற்று இறங்கும்போது ஒன்றரை நாள்கூட இழுக்கும். அப்போது பல்பை இன்னும் கிட்டே இறக்கிக் கட்டுவாராம்.

இப்படி இரண்டு பாட்டில். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேர இடைவெளி. ஒன்று விடியற்காலையில் தயாராகும், மற்றது சாயங்காலம். அதற்குக் காரணம் உண்டு. பொரித்தவுடன் ஆர்டீமியாவுக்கு வாய் திறந்திருக்காது. வயிற்றில் உள்ள கருவைக் கொண்டுதான் உயிர் வாழும். சுமார் எட்டு மணி நேரத்தில் தோல் உரிக்கும். அதற்குள் அந்தச் சத்து கரையத் தொடங்கிவிடும், உடம்பும் நீளும், நீச்சலும் வேகமாகும். பிஞ்சு வாய்க்கு அது ஆகாது. சத்து முழுசாக இருக்கும்போதே மீன் வயிற்றுக்குப் போய்விட வேண்டும். "சாயங்காலம் விசேஷ வீட்டுக்குப் போனாக்கூட ஆறு மணிக்கு ஓடி வந்துருவேண்ணா" என்றார்.

எடுக்கிற விதத்தில்தான் கைப்பழக்கம் தெரிகிறது. காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம். வெறும் ஓடுகள் மேலே மிதந்துவிட்டன. பாட்டிலின் மேல்பகுதியைக் கறுப்புத் துணியால் மூடி, கீழே டார்ச் அடித்தார். வெளிச்சத்தைத் தேடி வரும் பிராணி. கண்ணெதிரே கழுத்துப் பகுதியில் ஆரஞ்சு நிறம் திரண்டு தடித்தது. அடியில் தங்கிய பொரியாத முட்டைகளை முதலில் கொஞ்சம் வடித்துக் கொட்டினார். பிறகு வந்த ஆரஞ்சுத் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசினார். ஓடு கலந்து போனால் குஞ்சின் குடலை அடைத்துவிடும். அதிக நேரம் காற்றில்லாமல் விட்டாலோ அத்தனையும் மூச்சுமுட்டிச் செத்துவிடும். மின்வெட்டுக்காகவே பேட்டரி மோட்டார் ஒன்று தனியாக இருக்கிறது.

தொட்டியில் ஒரு சொட்டு விட்டதும் குஞ்சுகள் உடம்பை வளைத்து நின்று, சட்டென்று கொத்தின. சற்று நேரத்தில் ஒவ்வொன்றின் வயிறும் ஆரஞ்சாகத் தெரிந்தது. வயிறு நிறம் மாறாத குஞ்சு எது என்று குனிந்து பார்க்கிறார். அதைப் பிரித்துத் தனி டப்பாவில் விடுகிறார். பெரியதானதும் ஆண் பைட்டர்கள் ஆளுக்கொரு கண்ணாடி பாட்டிலுக்குப் போய்விடும். சேர்த்து விட்டால் கிழித்துக்கொள்ளும்.

முட்டை டப்பா அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சரக்கு. அங்குள்ள பெரிய உப்பு ஏரிதான் உலகத்துக்கே முக்கியமான ஊற்று. 2022-இல் அந்த ஏரி இதுவரை காணாத அளவுக்கு வற்றியது. எனக்கு உறுத்தியது வேறு. தூத்துக்குடி உப்பளங்களிலேயே ஆர்டீமியா உண்டு, ஆண் இல்லாமலே பெருகும் இனம். பாத்தியில் பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பதால் உப்புக்கும் நல்லது. வியட்நாமின் வின் சாவ் பகுதி உப்பளத் தொழிலாளர்கள் 1980-களில் வெளியிலிருந்து இனத்தைக் கொண்டுவந்து விட்டு, உப்போடு முட்டையையும் அறுவடை செய்யக் கற்றுக்கொண்டார்கள். உப்பு விலை விழும்போது அது கைகொடுத்தது. நம் உப்பளத்துக்காரர்களுக்கும் அப்படி ஒரு இரண்டாவது வரும்படி ஏன் கூடாது?

இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தார். "நம்ம ஊரு முட்டை வந்தா வாங்க மாட்டோமா சார்? ஆனா இதுல தொண்ணூறு சதவீதம் பொரியும்னு டப்பாவிலேயே போட்டிருக்கான், பொரியுது. அவங்களும் அப்படி எழுதிக் கொடுக்கட்டும்" என்றார்.