கழனி என்றொரு எழுத்து

ஹோண்டா வண்டி ஓடாத தெரு நம் பாகூரில் கிடையாது. அந்தப் பெயரில் உள்ள ‘டா’வுக்குக் கழனி என்று அர்த்தம். எனக்கே போன மாதம்தான் தெரியும். ஜப்பான் மொழி படிக்கிற என் பேத்தி சொன்னாள்.

எழுதுவது சுலபம். ஒரு சதுரம் போட்டு, உள்ளே ஒரு கூட்டல் குறி போட்டால் கழனி. கோடுகள்தான் வரப்பு. மூவாயிரம் வருஷத்துக்கு முன் சீனாவில் மாட்டு எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கீறிய காலத்திலேயே இந்த எழுத்து இருந்திருக்கிறது. சீனர்களுக்கு அது பயிர் வைக்கிற எந்த நிலத்துக்கும் பொது. ஜப்பானுக்குப் போனதும், தண்ணீர் கட்டி நெல் நடுகிற நிலத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது.

அப்படியானால் மேட்டு நிலத்துக்கு? ஜப்பான்காரர்கள் தாங்களே புதிதாக இரண்டு எழுத்து செய்துகொண்டார்கள். ஒன்றில் கழனிக்குப் பக்கத்தில் நெருப்பு. எரித்துத் திருத்திய நிலம். இன்னொன்றில் கழனிக்கு மேல் வெள்ளை, காய்ந்த மண். நாம் கழனி வேறு, கொல்லை வேறு என்று சொல்வது போலத்தான். முப்பது வருஷம் வருவாய்த் துறையில் நன்செய், புன்செய் என்று எழுதிய எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று.

யோசிக்க வைத்தது வேறோர் எழுத்து. கழனியை ஒட்டி ஆணி போல ஒரு கோடு. ஆதியில் அதற்கு வரப்பு என்று பொருள். ஜப்பானில் இன்று அதுவே டவுன்!

வில்லியனூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த வரப்புகள் இன்று குறுக்குத் தெருக்கள். இங்கே ஏரித் தண்ணீர் இருப்பதால் இன்னும் பச்சை தெரிகிறது. ஆனாலும் எங்கள் ஒரு காணிக்கு இரண்டு பக்கமும் மனைக்கல் நட்டாகிவிட்டது.

விற்றுவிடலாம் என்கிறான் பையன். அவன் பேச்சிலும் நியாயம் உண்டு. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, வாய்க்கால் தூர்ந்துவிட்டது, பேத்தியின் படிப்புச் செலவும் இருக்கிறது.

அங்கே ஊரான பிறகும் எழுத்துக்குள் கழனி இருக்கிறது. இங்கே ‘நகர்’ என்று பலகை வைத்துவிட்டால் சுவடே இருக்காது.

பையனிடம் சொல்லிவிட்டேன்: “இந்தச் சம்பாவை நட்டுவிடுவோம்ப்பா. மற்றதைத் தை கழித்துப் பேசிக்கொள்ளலாம்.”