பழி கீரி மேல், குறை கூண்டில்

ஏனாத்தூர் பக்கம் ஒரு வீட்டில் கோழி குறைந்தால் முதலில் அடிபடுகிற பெயர் கீரி. “கீரிப்புள்ள வேலைதாங்க, வேற யாரு?” என்ற பதிலைத்தான் ஒவ்வொரு புழக்கடையிலும் கேட்கிறேன். சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. காஞ்சிபுரத்தின் கிழக்கு ஓரத்து ஊர் இது. ஒரு பக்கம் 1993-ல் நிகர்நிலைத் தகுதி பெற்ற சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயத்தின் வளாகம். மறுபக்கம் வயல், வரப்பு, சீமைக்கருவேலம் புதர். புதர் உள்ள இடத்தில் கீரி இருக்கும், கீரி உள்ள இடத்தில் குஞ்சுக்கு ஆபத்தும் இருக்கும். ஆனால் காட்டுப்பூனை, மரநாய், புனுகுப்பூனை, நரி, சாரை, பெருச்சாளி, வல்லூறு, பருந்து, காக்கை, தெருநாய் என்று இன்னும் பத்துப் பேர் இருக்கும்போது எல்லாப் பழியையும் கீரி தலையில் கட்டுவதில் ஒரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. எதிரியைத் தப்பாகச் சொன்னால் தடுப்பும் தப்பாகத்தான் அமையும். யார் தின்றது என்று கேட்பது அதை அடித்துக் கொல்வதற்காக என்றால் அந்தக் கேள்வியால் பயனில்லை. எந்த வழி திறந்து கிடந்தது என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்டால்தான் அடுத்த கோழி தப்பும். அந்த வழியை அடைப்பது கூடை முடைகிறவரும், கூண்டு அடிக்கிறவரும், அந்தியில் கதவு சாத்துகிற வீட்டுப் பெண்ணும் சேர்ந்து செய்கிற கைவேலை.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2019-ல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே அதிகக் கோழியினங்கள் உள்ள மாநிலம் தமிழ்நாடு, ஏறத்தாழ 12 கோடி. அந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் நாடு முழுவதும் பண்ணைக்கோழிகள் நாலரை சதவீதம் கூடியபோது, புறக்கடைக் கோழிகள் 46 சதவீத அளவுக்குக் கூடி 31 கோடியைத் தாண்டின. இந்த வளர்ச்சி பெரும்பாலும் பெண்களின் கையில் நடக்கிறது. தறிவேலைக்கும் வயல்வேலைக்கும் போகிற குடும்பத்தில் முட்டையும் சேவலும் அவசரச் செலவுக்கான சில்லறை. பத்துக் குஞ்சு பொரித்து இரண்டு மட்டும் மிஞ்சினால் அந்தச் சில்லறை கரைந்துவிடுகிறது. அதிலும் இழப்பு எல்லா வயதிலும் ஒரே மாதிரி வருவதில்லை. பொரித்த நாளிலிருந்து எட்டு வாரம் வரைதான் குஞ்சு எல்லோருக்கும் இரை. அந்த வயதைக் கடந்த கோழி ஓடவும் பறந்து மரக்கிளையில் ஏறவும் கற்றுவிடும்.

சாட்சியங்களில் முதல் சாட்சி நேரம். நம் ஊர்ச் சாம்பல் கீரி பகலில் நடமாடுகிற பிராணி; இருட்டினால் வளைக்குள் அடங்கிவிடும். பருந்தும் வல்லூறும் காக்கையும் பகல் ஆட்கள்தான். சாரைப்பாம்பும் பெரும்பாலும் பகலில்தான் இரை தேடும். மரநாயும் புனுகுப்பூனையும் இரவில் கிளம்புகிறவை. காட்டுப்பூனைக்கும் நரிக்கும் அந்தியும் விடியலும் தோதான நேரம். நாய்க்கு நேரம் காலம் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு அடைத்த கூண்டுக்குள் விடிகாலையில் மூன்று கோழி செத்துக் கிடந்தால் கீரியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து ஏறக்குறைய எடுத்துவிடலாம். நான் கேட்ட புகார்களில் பாதிக்கு மேல் ராத்திரிச் சேதம். அவற்றிலும் கீரியின் பெயரே சொல்லப்படுகிறது. பகலில் கண்ணில் படுகிற பிராணி என்பதாலேயே இரவுத் திருட்டும் அதன் கணக்கில் எழுதப்படுகிறது.

இரண்டாவது சாட்சி, மிச்சம் கிடப்பதும் கிடக்காததும். குஞ்சு ஒன்று மட்டும் குறைந்து, இறகோ ரத்தமோ எதுவும் இல்லை என்றால் மேலிருந்து வந்த பறவையாகவோ முழுசாக விழுங்குகிற பாம்பாகவோ இருக்கலாம். பெரிய குஞ்சு ஒன்று தலையும் கழுத்தும் எச்சிலால் ஈரமாகி, காயமின்றிச் செத்துக் கிடந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டுப்போனது என்று பொருள். முட்டை ஓடே இல்லாமல் மறைந்தால் பாம்பு. ஓட்டில் ஒழுங்கற்ற துளை விழுந்து, கரு ஒழுகி, அங்கேயே கிடந்தால் காக்கை. கோழி அடையில் இருக்கும்போதே குஞ்சின் காலும் தொடையும் கடிபட்டிருந்தால், கூண்டு மூலையில் புது மண் தள்ளிய வளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பெருச்சாளியின் கைவரிசை. ஏழெட்டுக் கோழிகள் தின்னப்படாமல், முதுகும் பின்பக்கமும் குதறப்பட்டு, முற்றம் முழுக்க இறகு பறந்திருந்தால் நாய். அது பசிக்காகச் செய்ததாக இருக்காது, துரத்துகிற வெறியில் செய்தது. கழுத்தில் கடித்து ஒரு கோழியைத் தூக்கிப் போய், வேலியோரம் மட்டும் இறகுக் குவியல் கிடந்தால் காட்டுப்பூனையோ நரியோ. ஈரமண்ணில் காலடி தெரிந்தால் இன்னும் நல்லது. நாய், நரியின் தடத்தில் நகம் பதியும். பூனையின் தடத்தில் பதியாது. கீரியின் தடத்தில் ஐந்து விரலும் நீண்ட நகமும் தெரியும். இதில் எந்த ஒன்றும் தனியாக நின்றால் தீர்ப்பு ஆகாது. நேரம், மிச்சம், நுழைந்த வழி மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது சாட்சி கோழியே. தலைக்கு மேல் நிழல் ஓடினால் சேவல் மெல்லிய, நீண்ட ஒரே ஒலியை எழுப்பும். பெட்டைகள் பதுங்கும் அல்லது செடிக்கடியில் ஓடும். தரையில் நாயோ பூனையோ வந்தால் வெட்டி வெட்டி வரும் உரத்த கேறல். அப்போது கோழிகள் கழுத்தை நிமிர்த்தி நின்று சுற்றும் பார்க்கும். கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதனையில் நிறுவியது. திரையில் பருந்தை மேலேயும் தரைப் பிராணியைப் பக்கவாட்டிலும் காட்டியபோது சேவல்கள் வேறு வேறு குரல் கொடுத்தன; பதிவு செய்த குரலை மட்டும் கேட்ட பெட்டைகளும் அதற்கேற்ற மாதிரியே நடந்துகொண்டன. ஏனாத்தூர்ப் பெண்களுக்கு இந்த ஆய்வு தேவையில்லை. அடுப்படியில் இருந்தபடியே “மேல வந்துடுச்சு” என்றோ “நாய் பூந்துடுச்சு” என்றோ அவர்களால் சொல்ல முடியும். அந்தக் காதுக்கு இருக்கும் துல்லியம், பிறகு பழி சொல்கிற வாய்க்கு இல்லாமல் போவதுதான் ஆச்சரியம்.

இத்தனை பேரையும் விசாரிப்பதற்கு முன்னால் விசாரிக்க வேண்டிய ஒன்று நோய். வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்கிற ராணிக்கெட் நோய், 1920-களின் இறுதியில் குமாவுன் மலையூர் ஒன்றில் கண்டறியப்பட்டு அந்த ஊரின் பெயரையே வாங்கிக்கொண்டது. தடுப்பூசி போடாத கோழிகளில் இது புகுந்தால் இரண்டொரு நாளில் கூண்டு காலி. தள்ளாடும் கோழியைப் பிடிப்பது எந்தப் பிராணிக்கும் எளிது. செத்ததை இழுத்துப்போவது அதைவிட எளிது. காலையில் மரநாய் தின்ற மிச்சத்தைப் பார்க்கிறவர், அது சாவதற்கு முன் தின்றதா பின் தின்றதா என்று கேட்பதில்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் இறக்கை ஊசியும் போட்டிருந்தால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி இல்லாமல் போகும். ஒவ்வொரு கோழியாகப் பிடிக்க முடியாத புழக்கடைகளுக்காகவே, தீவனத்தோடு தின்னக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது. மிச்சத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது புதிதல்ல. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியை, வாயில் இருந்த ரத்தத்தை மட்டும் பார்த்துக் கொன்ற பெண்ணின் கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் வருகிறது. ரத்தம் சாட்சிதான்; எதற்குச் சாட்சி என்பதை மற்ற சாட்சிகள்தான் சொல்ல வேண்டும்.

இனி கைவேலைக்கு வருகிறேன். தாயையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கோழிக்கூடைதான் இந்தப் பக்கத்தின் பழைய தடுப்பு. பச்சை மூங்கிலைப் பிளந்து, முட்டு சீவி, உள்ளிருக்கும் நொய்ந்த பகுதியைக் கழித்து, தோல்பக்கத்துப் பத்தைகளை மட்டும் எடுக்கிறார்கள். நெடுக்குப் பத்தைகளை உச்சியிலிருந்து குடைபோல விரித்து, மெல்லிய சிம்புகளைக் குறுக்கே ஏற்றி இறக்கி முடைகிறார்கள். அடியில் தடித்த வளையம் வைத்துக் கட்டுவதில்தான் அனுபவம் தெரியும். அது தரையில் சமமாக உட்காராவிட்டால் கூடை முழுவதும் வீண். காக்கைக்கும் பருந்துக்கும் எதிராக இந்தக் கூடை கெட்டியானது. உச்சியில் ஒரு கல்லை வைத்தால் நாயும் சுலபமாகப் புரட்டாது. ஆனால் விலை பேசும்போது முதலில் அடிபடுவது பின்னலின் நெருக்கம். நெருக்கிப் பின்னினால் சிம்பும் நேரமும் கூடும். வாங்குகிறவர் அந்த விலைக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒரு விரல் இடைவெளி இரண்டு விரலாகிறது, கீரியின் முகமும் முன்னங்காலும் உள்ளே வருகிற வழி திறக்கிறது. 2017-ல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்தார்கள். பட்டா நிலத்து மூங்கிலை வெட்டவும் கொண்டுபோகவும் இருந்த தடை தளர்ந்தது. முடைகிறவரின் கூலிக்கு மட்டும் அந்தத் தளர்வு வரவில்லை.

கூடை பகலுக்கானது. அதையே இரவுக்கும் நம்புவதில்தான் பெருஞ்சேதம் நடக்கிறது. மண்தரை ஒரே மட்டமாக இருக்காது. வளையத்துக்கடியில் ஒரு பள்ளம் போதும், பாம்பு நுழையும், பெருச்சாளி தோண்டும். இரவுக்கு வேண்டியது தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய கூண்டு. கடைகளில் கோழிவலை என்று விற்கிற அறுகோணக் கம்பிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், குட்டிப்பாம்பு அதன் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் இரண்டுக்கும் நிற்கும். நெருக்கம் பற்றிய இந்தக் கணக்கு காஞ்சிபுரத்தாருக்குப் புதிதல்ல; பாவில் ஓர் இழை விட்டுப்போனால் புடவை முழுவதும் அது கோடாக ஓடும் என்பது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். கூண்டைத் தரையில்தான் வைக்க முடியும் என்றால், சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வலையைப் படுக்கையாகப் பரப்பி மண் போட வேண்டும். தோண்டுகிற பிராணி சுவரோரம்தான் தோண்டும். கீழே வலை தட்டுப்பட்டால் பின்வாங்கிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. தகரத்தால் நான்கு பக்கமும் அடைப்பது காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் கோழியை வேகவைப்பதற்குச் சமம். கூரை கெட்டி, பக்கம் வலை, கதவுக்குக் கொக்கி. கயிற்றால் கட்டிய கதவை மரநாய் மூக்கால் தள்ளித் திறக்கும்.

இதற்கு வருகிற முதல் மறுப்பு செலவு. புறக்கடைக் கோழியின் லாபமே முதலில்லாத லாபம்தானே, கூண்டுக்குக் காசு போட்டால் எதில் மிஞ்சும் என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எல்லாக் கோழிக்கும் பெரிய கூண்டு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேதம் குவிவது முதல் எட்டு வாரத்தில் என்றால் கெட்டியான வலையும் அந்த எட்டு வாரத்துக்குத்தான் முதலில் தேவை. ஒரு தாயும் அதன் குஞ்சுகளும் தங்குகிற சிறு பெட்டி, ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல ஈடுகளுக்கு உழைக்கும். இரண்டாவது மறுப்பு, அடைத்து வைத்தால் அது நாட்டுக்கோழியே இல்லை என்பது. மேய்ச்சலை நிறுத்தச் சொல்லவில்லை. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின் திறந்து, பொழுது சாய்வதற்குள் அடைத்தால் மேய்ச்சலில் பெரிதாக எதுவும் குறையாது. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் அடியில் தாழ்ந்த செடிகள் இருந்தால் பருந்துக்குத் தப்ப அதுவே குடை.

மூன்றாவது மறுப்பு கடுமையானது: இத்தனை பாடு எதற்கு, கண்ணி வைத்தால் முடிந்தது, குருணைப் பூச்சிமருந்து கலந்த கறித்துண்டு போட்டால் முடிந்தது என்பது. கீரி, காட்டுப்பூனை, நரி, மரநாய், உடும்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. 2022-ல் செய்து 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தத்தில் தீங்குயிர்ப் பட்டியலே நீக்கப்பட்டதால் காக்கைக்கும் பழைய விலக்கு இல்லை. சட்டத்தை விடுங்கள், கணக்கையே பார்ப்போம். ஓர் இடத்திலிருந்து ஒரு கீரியை அகற்றினால் அந்த இடம் காலியாகவே இருப்பதில்லை. இரையும் வழியும் அப்படியே இருக்கும்வரை அடுத்தது வரும். விஷம் ஆள் பார்க்காது, வீட்டு நாயையும் அடுத்த வீட்டுக் கோழியையும் சேர்த்தே கொல்லும். சாரையையும் கீரியையும் ஒழித்த வயலில் எலி பெருகும், அந்த எலி கோழித்தீவனத்துக்கே வந்து சேரும். செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிடுவது, பழைய சிடி தட்டுகளை ஆடவிடுவது போன்ற மிரட்டல்களும் சில நாளைக்குத்தான். தீங்கில்லை என்று தெரிந்துகொண்டதும் பறவை பக்கத்திலேயே உட்காரும். நாய் வளர்ப்பது உதவும், அந்த நாய் குட்டியிலிருந்தே கோழியோடு வளர்ந்திருந்தால்.

இந்த வாதம் வீட்டோடு நிற்பதில்லை. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தந்து, நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அரசு 50 சதவீத மானியத்தில் கொடுத்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் இந்தக் குஞ்சுகள் பொரிப்பானில் பிறந்தவை. மேலே நிழல் ஓடினால் குரல் கொடுத்துக் கூட்டிப்போகத் தாய் இல்லாதவை. ஆபத்தான எட்டு வாரத்தில் இன்னும் நான்கு வாரம் பாக்கி இருக்கும்போது புதிய முற்றத்துக்கு வருகின்றன. ஆகவே ஒரு பயனாளியின் வெற்றியை எத்தனை குஞ்சு வாங்கினார் என்பதைவிட, எட்டாம் வாரம் முடிவில் எத்தனை உயிரோடு இருந்தன என்று கணக்கிடுவதே சரி. குஞ்சுகளோடு நெருக்கிப் பின்னிய மூங்கில் கூடையும் கண் சிறுத்த வலைக்கூண்டும் திட்டத்தின் பகுதியாக வந்தால், கூடையை அந்தந்த ஒன்றியத்து மூங்கில் தொழிலாளரிடம் அவர்கள் கேட்கிற நியாயமான கூலிக்கே முடையச் சொல்லலாம். ஒரே செலவில் இரண்டு பிழைப்பு நிற்கும். கீரியும் தன் வேலையான எலியையும் பாம்பையும் பார்த்துக்கொண்டிருக்கும்.