இயங்க மறுத்த இயந்திரம்

கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேல் அமைந்துள்ள அட்டனில் வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை புரட்டாதி வரை நீடிக்கும். அக்காலத்தில் காலையிற் கொடியிலிட்ட துணி மாலையிலும் ஈரமாகவே இருக்கும். மறுநாள் அதில் பூஞ்சண மணம் வீசும். பிற வீடுகளுக்கு இது ஒரு தொல்லை மாத்திரமே. பக்கவாதத்தினால் ஈராண்டுகளாகப் படுக்கையிலிருக்கும் பாட்டியைப் பராமரிக்கும் எங்கள் வீட்டிலோ இது அன்றாடப் போராட்டம். நாளொன்றுக்கு மூன்று நான்கு விரிப்புகள் மாற்ற வேண்டும். ஈர விரிப்பிற் கிடந்தால் முதுகிற் படுக்கைப்புண் உண்டாகும். அது எளிதில் ஆறாது. இதனை எண்ணியே, மத்திய கிழக்கில் தொழில்புரியும் அண்ணன், பிரித்தானியாவிற் பாவிக்கப்பட்டு இங்கு வந்த துணி உலர்த்தும் இயந்திரமொன்றைக் கொழும்புக் கடையொன்றில் வாங்கித் தந்தார்.

சென்ற ஆடி மாதம் விடுமுறைக்கு வீடு சென்றிருந்தபோது, ஒரு காலை அவ்வியந்திரம் இயங்க மறுத்தது. அம்மா பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தினார். எவ்வித ஓசையும் எழவில்லை.

கலைப்பீட மாணவனாகிய எனது மின்னியல் அறிவு பாடசாலை விஞ்ஞானத்தோடு நின்றுவிட்டது. ஆயினும், மின்சாரம் செல்லும் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்பது விளங்கியது. ஆகவே சுவரிலிருந்து தொடங்கினேன். குதையில் மேசை விளக்கைச் செருகினேன், எரிந்தது. வீட்டு மின்சாரத்தில் குறையில்லை. பிரித்தானிய முறையிலமைந்த மும்முனைச் செருகியினுள் 13 அம்பியர் உருகியொன்று இருக்கும். அதனைக் கழற்றி, கேத்தலின் செருகியிலிருந்த உருகியை அவ்விடத்தில் இட்டுப் பார்த்தேன், பயனில்லை. கதவு சரியாக மூடாவிடின் இயந்திரம் இயங்காதிருக்கச் சிறிய ஆளியொன்று கதவோரத்தில் உண்டு. அதனை விரலால் அழுத்தியபோது 'டிக்' என்ற ஒலி கேட்டது. அதற்கப்பால் என் அறிவு செல்லவில்லை.

அயலில் வசிக்கும் மின்வேலை செய்பவரை அழைத்து வந்தேன். அவர் செருகியைக் கழற்றி வைத்த பின்னரே இயந்திரத்தின் பின்தகட்டைத் திறந்தார். மீற்றரின் முனைகளால் கதவு ஆளியையும் தொடக்க ஆளியையும் சோதித்தார், இரண்டும் நலமாயிருந்தன. காற்றுப் பாதையருகே பொருத்தப்பட்டிருந்த, பெருவிரலளவேயான துண்டொன்றில் வைத்தபோது மீற்றரின் முள் அசையவில்லை.

“தம்பி, இந்தச் சூட்டு பியூஸ்தான் போயிருச்சி,” என்றார்.

வெப்ப உருகி எனப்படும் அது, மின்னோட்டம் மிகுவதால் உருகும் சாதாரண உருகியினின்றும் வேறானது. சூடு குறித்த அளவைக் கடந்தால் சுற்றைத் துண்டிப்பதே அதன் பணி. வெப்பநிலைக் கட்டுப்படுத்தி சூடு தணிந்ததும் மீண்டும் இணைந்துகொள்ளும். வெப்ப உருகியோ ஒருமுறை துண்டித்தால் மீளாது. சில இயந்திரங்களில் அது போனால் சூடு மாத்திரம் அற்றுப்போகும், உருளை சுழலும். எங்களுடையதில் மோட்டருக்கான மின்சாரமும் அதனூடாகவே சென்றது.

புதியது கொழும்பிலிருந்து வர மூன்று நாளாவது செல்லும். “ரெண்டு வயரையும் நேரா சேர்த்து முறுக்கிவிட்டா இப்பவே ஓடும். பியூஸ் வந்தப்புறம் மாத்திக்கலாம்,” என்றார் அவர். அவர் கூறியது பொய்யன்று. அப்படிச் செய்தால் இயந்திரம் ஓடத்தான் செய்யும். கூடத்திற் குவிந்திருந்த ஈர விரிப்புகளைப் பார்த்தேன். சரியென்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அம்மா, “அது ஏன் போச்சு?” என்று கேட்டார்.

எங்கள் இருவரிடமும் விடையில்லை. இயந்திரத்தை முன்னே இழுத்தோம். ஈரக்காற்றை வெளியேற்றும் குழாய் சுவரோடு நசுங்கித் தட்டையாகியிருந்தது. அதனைக் கழற்றியபோது சாம்பல் நிறப் பஞ்சு கைகொள்ளாமல் வந்தது. துணிகளிலிருந்து உதிரும் இழைகளை அம்மா நாள்தோறும் வடியிலிருந்து அகற்றியே வந்தார். வடிக்குத் தப்பியவை நசுங்கிய குழாயிலே தங்கிவிட்டன; காற்று வெளியேற வழியின்றி உள்ளே சூடு மிகுந்தது. இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளியவன் நானே. முந்திய விடுமுறையில் எனது புத்தக அலுமாரிக்கு இடம் தேடியபோது செய்த வேலை அது.

உலர்ந்த பஞ்சு எளிதிற் தீப்பற்றும். ஐக்கிய அமெரிக்காவின் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான காலத்தை ஆராய்ந்து, அந்நாட்டுக் குடியிருப்புகளில் இவ்வியந்திரங்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2900 தீவிபத்துகள் நேர்வதாகவும், துப்புரவு செய்யாமையே அவற்றின் முதன்மையான காரணமென்றும் அறிவித்தது. எங்கள் இயந்திரம் நின்றது பாட்டியின் அறைச் சுவரோரம். எழுந்து ஓட முடியாத ஒருவர் அச்சுவருக்கப்பாற் படுத்திருந்தார்.

வயர் முறுக்கப்படவில்லை. மூன்று நாளும் அடுப்படியிற் கயிறு கட்டி விரிப்புகளை உலர்த்தினோம். அரைகுறையாய் உலர்ந்தவற்றை அயன் பண்ணுவது எனது பொறுப்பாயிற்று. விரிப்புகளெல்லாம் விறகுப்புகை மணத்தன. “லயத்து வீட்டு வாசம் வருது,” என்று பாட்டி மாத்திரம் சொன்னார். நான்காம் நாள் உருகி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. புதிய குழாயும் பொருத்தி, இயந்திரத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி வைத்தோம். அலுமாரி கூடத்துக்குப் போயிற்று.

ஒன்று நின்றுவிட்டால் அதனை எவ்வாறு ஓட்டுவது என்பதே நமக்கு முதலில் எழும் கேள்வியாக இருக்கிறது. அது ஏன் நின்றது என்ற கேள்வி, காரண காரியங்களைப் பற்றிக் கட்டுரைகள் பல எழுதிய எனக்கு அன்று தோன்றவில்லை. விரிப்புகளைத் துவைத்துக் கைகள் வெடித்துப்போன, இயந்திரம் உடனே ஓட வேண்டுமென்று எங்கள் எல்லாரிலும் மேலாக விரும்பியிருக்கக்கூடிய அம்மாவுக்கே தோன்றியது. பழுதென்று நாம் வெட்டியெறியவிருந்த அச்சிறு துண்டு தன் கடமையைச் செய்தே முடிந்திருந்தது. கடமை தவறியவன் நான்.

இப்போதெல்லாம் விடுமுறைக்கு வீடு சென்றதும், பாட்டியைப் பார்த்த பின் நான் செய்யும் முதல் வேலை அந்தக் குழாயைக் கழற்றிப் பார்ப்பதுதான்.