ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு போர்க்கதை

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இந்த வயதில் ஒருவன் ஜெபமாலையும் கையுமாக இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. ஜெபமாலையும் என் கையில் உண்டு. ஆனால் தலையணைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு போர்க்கதைப் புத்தகமும் இருக்கும். பீரங்கி, நீர்மூழ்கிக் கப்பல், எதிரியின் கோட்டைக்குள் நள்ளிரவில் ஏறிப் புகும் நாலைந்து வீரர்கள், அந்த மாதிரிக் கதைகள்.

"மாமா, வேதப் புத்தகத்துக்கு மேலேயே இந்தத் துப்பாக்கிப் படத்தை வைக்கிறீங்களே!" என்று மருமகள் கடிந்து கொள்ளும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இதே கடிந்துரையை என் அம்மாவிடம் கேட்டவன் நான். வாசகர்களே, இந்தப் பழக்கம் எப்படி வந்தது, இதனால் நான் செய்த ஒரு பெரிய பிழை என்ன என்பதை இன்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது 1952இல், சுங்கை ரம்பாய் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். கெசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர். அதற்கும் அப்பால் மூவார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, பட்டணத்துப் பள்ளியில் ரிமூவ் வகுப்பில் சேர்ந்தேன். ஆங்கிலம் நாக்கில் ஏறவில்லை. அப்போதுதான் மலாக்காவில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று ஐம்பது காசுக்குக் கிடைத்தது. அலிஸ்டர் மெக்ளீன் எழுதிய 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்'. 1957இல் வந்த கதை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். முடித்தபோது ஆங்கிலமும் கொஞ்சம் வந்திருந்தது, பைத்தியமும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஜெபப் புத்தகத்துக்குள் அந்தக் கதையை ஒளித்துவைத்துப் படித்தேன். எல்லாரும் முழங்காலிடும்போது நான் மட்டும் மலை உச்சியில் வீரர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டார். "ஏண்டா, கோவில்ல வந்து துப்பாக்கி சுடறியா?" என்று காதைத் திருகினார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் புகார் போனது. அப்பா புத்தகத்தை வாங்கி, புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒளிச்சுப் படிக்காதே. படிக்கிறதா இருந்தா என் முன்னால படி" என்று திருப்பிக் கொடுத்தார்.

பின்னாளில் அந்த ஆசிரியரைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு நெருக்கம் ஏற்பட்டது. மெக்ளீன் 1922இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகன். அவருடைய தாய்மொழி ஆங்கிலம் அல்ல, கேலிக். நம்மைப் போலவே ஆங்கிலத்தைப் பிறகு கற்றுக்கொண்டவர். 1941இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து போரை நேரில் கண்டார். பிறகு பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே 1955இல் தமது முதல் நாவலை வெளியிட்டார். 1958இல் வந்த அவருடைய இன்னொரு நாவல், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த 1942 பிப்ரவரியில் தொடங்குகிறது. 1987இல் காலமானார்.

அவருடைய கதைகளில் இரண்டு விஷயங்கள் என்னைப் பிடித்து இழுத்தன. வீரர்களின் கூட்டத்துக்குள்ளேயே ஒரு துரோகி இருப்பான். அவன் யார் என்று கடைசிவரை தெரியாது. இன்னொன்று, பயப்படுகிற மனிதன். நவரோன் கதையில் மலையேறும் இளம் அதிகாரி ஒருவன், தன் பயம் பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்றே நடுங்குகிறான். வீரர்கள் என்றால் பயமே இல்லாதவர்கள் என்று நினைத்திருந்த எனக்கு அது புதிதாக இருந்தது. ஆனாலும் படிக்கும்போது நான் என்னைத் தலைவனாகத்தான் நினைத்துக்கொள்வேன். துரோகியாக என்னை ஒருநாளும் நினைத்ததில்லை.

1970இல் 'தி பிரிட்ஜ் ஓவர் தி ரிவர் குவாய்' நாவல் என் கைக்கு வந்தது. அதை எழுதிய பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் போருக்கு முன்பு மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1952இல் வந்த நாவல். 1957இல் இலங்கையில் எடுக்கப்பட்டுப் படமாகவும் ஓடியது. சயாம் ரயில் கதை என்றதும் அப்பாவுக்கு வாசித்துக் காட்ட ஆசைப்பட்டேன். ஏனென்றால் அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பியவர். மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல, அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார். கர்னல் வந்தார், கைதிகள் வந்தார்கள், பாலம் எழும்பியது. இரண்டாம் நாள் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம ஆளுங்க எப்ப வருவாங்க?"

நான் மிச்சப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அது பிரிட்டிஷ் கைதிகளைப் பற்றிய கதை. என் அப்பாவுக்கு அதில் இடமில்லை. "வரமாட்டாங்கப்பா" என்றேன். "சரி, விடு" என்று எழுந்து போய்விட்டார்.

இளைய வாசகர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்ல வேண்டும். 1942 ஜனவரி நடுவில் மலாக்காவைப் பிடித்த ஜப்பானியப் படை, நம் பக்கத்துக் கடலோரப் பாதை வழியாகத்தான் மூவாரை நோக்கிப் போனது. மூவார்ச் சண்டையில் ஆஸ்திரேலியரும் இந்தியச் சிப்பாய்களும் மடிந்தார்கள். பாரிட் சூலோங்கில் காயம்பட்டுப் பிடிபட்ட ஏறத்தாழ 150 பேரை ஜப்பானியர் கொன்றார்கள். பிறகு வந்தது சயாம் – பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் முடிந்தது. வேலைக்குப் பிடிக்கப்பட்ட வெள்ளைக்காரக் கைதிகள் 60 ஆயிரம் பேருக்கு மேல். அவர்களில் 12 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களோ 70 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர். காஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏறக்குறைய 7 ஆயிரம் போர்வீரர்களுக்குக் கல்லறை இருக்கிறது. காட்டில் புதைந்த நம்மவர்களுக்கு அந்த வரிசையில் பெயர் இல்லை.

சரி, என் பிழைக்கு வருகிறேன்.

1977இல் நான் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி. தோட்டத்தின் பெயர் வேண்டாம். பால் நிறுத்துக் கைப்புத்தகத்தில் குறித்துக்கொண்டு, மாலையில் அதைச் செக்ரோலில் ஏற்றுவது என் வேலை. எடைக்கு ஏற்பத்தான் பால்வெட்டுகிறவர்களுக்குக் காசு. அந்த மாதம் புதுக் கதைப் புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. இரவு இரண்டு மணிவரை விளக்கெரித்துப் படிப்பேன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்பேன். தூங்கி வழிந்துகொண்டே கணக்கெழுதுவேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். ஒருவர் எண் 36, இன்னொருவர் 63. நான்கு நாள் கணக்கை நான் மாற்றி ஏற்றிவிட்டேன். நல்ல பால் வரும் மரங்களை வெட்டியவருக்குக் காசு குறைந்தது. கிழட்டு மரங்களை வெட்டியவருக்குக் கூடியது.

சனிக்கிழமை சம்பள மேசையில் அந்த அம்மாள் காசை எண்ணிப் பார்த்துவிட்டு நகராமல் நின்றார்.

"கிராணி ஐயா, என் பால் எனக்குத் தெரியாதா? பதினாலு வெள்ளி கொறையுது."

எனக்குப் பின்னால் பெரிய கிராணி நிற்கிறார். வரிசையில் நூறு பேர். "புத்தகத்துல இருக்கிறதுதான் கணக்கு" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். அப்போது மண்டோர் குறுக்கே வந்து, "ஏம்மா, அவரு வேதக்காரரு. பொய் சொல்வாரா? நகரு, நகரு" என்று விரட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவு மனம் கேட்காமல் கைப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 36, 63. பிழை என்னுடையது என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. மேசையில் உட்கார்ந்திருந்தபோது நான் அறியாமல் தவறு செய்தவன். இப்போது அறிந்தவன். அறிந்த பிறகும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம். வேதக்காரன் என்று எனக்கிருந்த மரியாதை போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

மறுநாள் பூசையில் நற்கருணை வாங்க நான் எழுந்து போகவில்லை. அப்பா கவனித்துவிட்டார். மாலையில் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நானும் பக்கத்து லயத்துக் கூட்டாளியும் ஒண்ணாத்தான் சயாமுக்குப் போனோம். காலரா வந்துச்சு. அவனைத் தனிக் கொட்டகையில போட்டுட்டாங்க. சாயங்காலம் தண்ணி கொண்டாறேன்னு சொன்னேன். போகல. பயம். அந்தக் கொட்டகைக்குப் போனவன் திரும்ப மாட்டான்னு பயம். காலையில குழியில போட்டுட்டாங்க. நான் திரும்பி வந்ததும் அவன் ஆத்தா கேட்டுச்சு. உன் மகன் என் மடியிலதான் செத்தான், நான்தான் ஜெபம் சொன்னேன்னு சொன்னேன். அது செத்துப்போற வரைக்கும் என்னை மகனாட்டம் நெனச்சு சோறு போட்டுச்சு. அந்தச் சோறு ஒருநாளும் தொண்டையில எறங்கல."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் சொல்ல வேண்டிய ஆளு செத்துப்போச்சு. நீ சொல்ல வேண்டிய ஆளு நாளைக்குப் பெரட்டுக்கு வரும்."

திங்கட்கிழமை விடியற்காலை. லயத்துச் சேவல்கள் கூவிக்கொண்டிருந்தன. மூன்று முறை ஆண்டவரை மறுதலித்து, சேவல் கூவியதும் அழுத இராயப்பரின் ஞாபகம் வராமல் போகுமா? பெரட்டுக் களத்தில் எல்லாரும் கேட்கும்படி, "தப்பு அந்த அம்மா மேல இல்லை, என் மேலதான்" என்று சொல்லி, பதினான்கு வெள்ளியை என் பணத்திலிருந்து நீட்டினேன்.

அந்த அம்மாள் என்னைப் புகழுவார் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும். அவர் காசை வாங்கி எண்ணி முடிந்துகொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "இதைச் சனிக்கிழமையே சொல்லியிருந்தா நான் அடிவாங்கியிருக்க மாட்டேன் ஐயா." காசை ஒளித்து வைத்துக்கொண்டார் என்று அவர் கணவர் அடித்திருக்கிறார். வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் தீம்பாருக்குப் போய்விட்டார். எனக்குப் பதில் சொல்ல வார்த்தை இல்லை. இன்றும் இல்லை.

நிர்வாகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த ஆண்டுச் சம்பள உயர்வு நின்றது. பாவசங்கீர்த்தனம் செய்தேன், சாமியார் மன்னிப்பளித்தார். ஆனால் சனிக்கும் திங்களுக்கும் நடுவில் நடந்ததை எந்த மன்னிப்பும் நடக்காததாக ஆக்காது என்று அன்று கற்றுக்கொண்டேன். கதைகளில் துரோகியைத் தேடும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் அடக்கத்தோடு தேடுகிறேன்.

"அப்படியானால் கதைப் புத்தகம்தானே உன்னைக் கெடுத்தது? ஏன் விடவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். தூங்காமல் படித்தது என் பிழை. பிழை தெரிந்த பிறகு மறைத்தது அதைவிடப் பெரிய பிழை. புத்தகம் என்னை வாய் மூடச் சொல்லவில்லை. பயந்தவனும் சரியானதைச் செய்யலாம் என்று சொன்ன புத்தகங்களில் அதுவும் ஒன்று. அதை நான்தான் ஒழுங்காகப் படிக்கவில்லை.

அப்பா 1991இல் காலமானார். இரண்டு ஆண்டு கழித்து, 1993இல், ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' வெளிவந்தது. அ. ரெங்கசாமியும் 'நினைவுச் சின்னம்' என்று அந்த ரயிலைப் பற்றி நாவல் எழுதினார். அவற்றில் நம் ஆட்கள் வருகிறார்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்ட முடியாமல் போய்விட்டதே என்ற குறை எனக்கு உண்டு.

மலாக்காவில் 1710இல் கட்டிய புனித இராயப்பர் கோவிலுக்குப் பெரிய வெள்ளியன்று போவது என் வழக்கம். தவறி விழுந்தவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய கோவில் அது. அங்கே நிற்கையில், நான் நல்ல கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றாது. அப்பாவின் கூட்டாளிக்காகவும், எண் 36 அம்மாளுக்காகவும் ஒரு மந்திரம் சொல்லிவிட்டு வருவேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சயாமைப் பற்றியோ ஜப்பான்காரன் காலத்தைப் பற்றியோ சொல்லியிருந்தால், அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வீரமாக இருந்ததை மட்டும் எழுதாதீர்கள், பயந்ததையும் எழுதுங்கள்.

போர்க்கதை இன்னும் படிக்கிறேன். மருமகள் சொன்னதற்காக வேதப் புத்தகத்தை மேலேயும் கதைப் புத்தகத்தைக் கீழேயும் வைக்கிறேன். வீரர்கள் எந்த மலை உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவேன். 1977இலிருந்து அந்தப் பழக்கம் மாறவில்லை.