திங்கட்கிழமையின் இயந்திரம்

நாணயங்களையும் அஞ்சல்தலைகளையும் தேடித் திரட்டுவோரை நாம் அறிவோம். பழைய சலவை இயந்திரங்களைத் திரட்டுவோரும் உண்டு என்பதை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றிய காலத்தில்தான் நான் அறிந்தேன். பங்கு மக்களுள் ஒருவரான முதிய உழவர், தம் பண்ணைக் கொட்டிலில் அத்தகைய இயந்திரங்கள் பதினொன்றைப் பேணி வந்தார்.

அவை யாவும் அம்மாநிலத்து நியூட்டன் நகரில் பிறந்தவை. அங்கு 1893இல் வேளாண் கருவிகள் செய்யத் தொடங்கிய நிறுவனமே பிற்காலத்து மேடேக். 1907இல் அது சலவை இயந்திரத் தொழிலில் இறங்கியது. தொடக்கத்தில், மூடியிலிருந்து தொங்கிய துடுப்பு துணியைத் தண்ணீருக்குள் இழுத்து அலைக்கழித்தது. 1922இல் வந்த புதிய இயந்திரத்தில் துடுப்பு தொட்டியின் அடிப்பகுதிக்கு மாறிற்று. தண்ணீரே துணியினூடே பாய்ந்து அழுக்கை அகற்றியது.

அதன் அமைப்பு எளியது. மோட்டார் ஒரே திசையில் சுழலும். பற்சக்கரங்கள் அச்சுழற்சியை மாற்றித் துடுப்பை இடமும் வலமுமாக அசைக்கும். தொட்டியின் மேலே இரண்டு ரப்பர் உருளைகள். ஈரத்துணியை அவற்றின் இடையே செலுத்தினால், ஆலையில் கரும்பு பிழிவதுபோல் நீர் வடியும். மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கெனச் சிறிய பெட்ரோல் எஞ்சினையும் பொருத்தினர். மிதியை உதைத்து அதனைக் கிளப்பிப் புகைக்குழாயை வெளியே நீட்டிவிட வேண்டும்.

அந்நாட்டு இல்லங்களில் திங்கட்கிழமை துவைக்கும் நாள். ஒரே வெந்நீரில் முதலில் வெள்ளைத் துணி, பின்னர் வண்ணத் துணி, இறுதியில் வயல்வேலை உடைகள். உருளைகளில் விரல் சிக்கிக் காயமுற்ற பெண்கள் பலர். தட்டியவுடன் உருளைகளின் பிடி தளரும் அமைப்பு அதனாலேயே சேர்க்கப்பட்டது.

இவற்றை ஏன் சேர்க்கின்றனர்? கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளவும், கைக்கருவிகள் சிலவற்றைக் கொண்டு தாமே பழுது நீக்கவும் இயலும் என்பது ஒரு காரணம். அமிஷ் மக்களின் இல்லங்கள் பலவற்றில் உருளை இயந்திரங்கள் இன்றும் இயங்குகின்றன. கொலராடோ மாநிலத்து ஈட்டன் என்னும் ஊரில், லீ மேக்ஸ்வெல் என்ற மின்பொறியியல் பேராசிரியர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சலவை இயந்திரங்களைத் திரட்டி அருங்காட்சியகமே அமைத்தார்.

நியூட்டன் மக்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1983இல் உருளை இயந்திர உற்பத்தி நின்றது. 2006இல் மேடேக் நிறுவனம் வேர்ல்பூலுக்குக் கைமாறியது. மறு ஆண்டே நியூட்டன் ஆலை மூடப்பட்டது. தந்தையும் மகனுமாக உழைத்த குடும்பங்களுக்கு அந்த இயந்திரங்களே எஞ்சிய நினைவு.

என் நண்பரான உழவரோ ஆலையில் பணிபுரிந்தவர் அல்லர். அவரிடம் காரணம் வினவினேன். "ஃபாதர், அப்பா விளைவித்த சோளத்துக்குக் கணக்கேடு இருக்கிறது. அம்மா துவைத்த துணிக்கு ஏது கணக்கு?" என்றார்.

உண்மைதான். விளைந்த தானியம் களஞ்சியத்தை நிரப்புகிறது. கட்டிய வீடு நின்று பேசுகிறது. வெளுத்த துணியோ ஒரே வாரத்தில் மீண்டும் அழுக்காகிறது. நாள்தோறும் அழிந்து நாள்தோறும் தொடங்கும் அவ்வுழைப்பினால்தான் குடும்பங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. ஆயினும் அதற்குச் சான்று எதுவும் எஞ்சுவதில்லை.

பத்து இயந்திரங்களுக்கு அவர் புதிய உருளைகளைப் பொருத்தியிருந்தார். தாயார் பயன்படுத்திய பதினோராவதில் மட்டும், நடுவில் தேய்ந்து குழிந்த பழைய ரப்பரை அவர் மாற்றவே இல்லை.